தண்ணீர் பழகும் காலம்

முத்துக்குளித்துறையில் சிப்பியை உயிரோடு வைத்திருக்க வேண்டிய தேவை பல நூற்றாண்டுகளாக யாருக்கும் வரவில்லை. கடலடியில் சிப்பி விளையும் பாரிலிருந்து தோணி கரை சேர்ந்ததும் சிப்பிகள் குவியல்களாகப் பிரிக்கப்படும். மூன்றில் ஒரு பங்கு குளியாளிகளுக்கு, மீதி அரசுக்கு. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். ஏலம் எடுத்தவர் அதை வேலி அடைத்த முற்றத்தில் கொட்டி அழுக விடுவார். ஈ மொய்த்து, புழு வைத்து, ஒரு வாரம் பத்து நாளில் சதை கரைந்து கூழாகிவிடும். பிறகு கடல்நீரை ஊற்றி ஊற்றி அலசுவார்கள். ஓடுகளைத் தேய்த்துக் கழுவி எறிந்துவிட்டு, அடியில் தங்கிய கசண்டைத் துணியில் பரப்பிக் காயவைத்து, அதற்குள் முத்தைத் தேடுவார்கள். முகாம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அதன் நாற்றம் மூக்கில் ஏறிவிடும்.

அந்த நாற்றத்தில் அம்மோனியாவும் இருந்தது. புரதம் எங்கே அழுகினாலும் அது பிறக்கும். இன்று தூத்துக்குடியில் ஒரு வீட்டுக் கூடத்தில் புதிதாக வைத்த கண்ணாடித் தொட்டியில், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளக்கின்றன என்றால், பெரும்பாலும் அங்கேயும் அதே அம்மோனியாதான் காரணம். அளவு மட்டும் மூக்குக்கு எட்டாத அளவு.

அள்ளி வைத்த தண்ணீரில் கடல் உயிரைக் காப்பாற்றுவது என்ற வித்தை இந்தக் கரைக்கு வந்து நூற்றிருபது ஆண்டுகள்தான் ஆகின்றன. வண்ணமீன் கடையில் சின்னக் குப்பியில் விற்கும் ஆன்டி குளோரின் அந்த வரலாற்றின் கடைசிப் பக்கத்தில் வருகிற பொருள். அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது முந்தைய பக்கங்களைப் படித்தால் தெளிவாகப் புரியும்.

*

தூத்துக்குடியின் வடபகுதியில் இருக்கிறது திரேஸ்புரம். நாட்டுப்படகுகள் கரையேறும் இடம். மீன்பிடிப்பவர்களும் சங்கு குளிப்பவர்களும் அடுத்தடுத்து வாழும் ஊர். நகரத்தின் குறுக்கே ஓடிவரும் பக்கிள் ஓடை இங்கேதான் கடலில் விழுகிறது. ஊரின் கழிவுநீர் அத்தனையையும் சுமந்து வரும் ஓடை அது. அம்மோனியா கரைந்த நகரத் தண்ணீர் ஒருபுறம், மன்னார் வளைகுடா மறுபுறம், இரண்டும் கைகோக்கும் இடத்தில் படகுகள். மீன்தொட்டியின் வேதியியலைப் படிக்க நினைப்பவருக்கு இதைவிடப் பெரிய தொட்டி வேறெங்கும் கிடைக்காது.

இந்தக் கரையில் ‘உயிரோடு திருப்பி விடு’ என்ற விதி முத்துச் சிப்பிக்கு அல்ல, சங்குக்குத்தான் முதலில் வந்தது. அரசுச் சங்குக் கிடங்கில் 2⅜ அங்குல விட்டத்தில் துளையிட்ட ஒரு பலகை இருக்கும். குளித்து எடுத்த சங்கை அந்தத் துளையில் விட்டுப் பார்ப்பார்கள். நுழைந்து போகிற சங்கு சின்னது, அது கடலுக்கே திரும்ப வேண்டும். நுழையாதது கிடங்குக்கு. கிடங்கில் அதன் சதையும் சிப்பியைப்போல அழுக விடப்பட்டது. சின்னச் சங்கோ மறுபடி கடலை அடையும்வரை சாகாமல் இருந்தாக வேண்டும். இதை எழுதிவைத்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். இந்தியாவின் புனிதச் சங்கைப் பற்றிய அவருடைய நூல் சென்னை மாகாண மீன்துறையின் வெளியீடாக 1914-ல் வந்தது.

ஹார்னெல் சும்மா கப்பலேறி வந்த அதிகாரி அல்ல. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே உள்ள ஜெர்சி தீவில் 1890-களில் ஜோசப் சினெல் என்பவரோடு சேர்ந்து ஒரு கடலுயிர் ஆய்வு நிலையத்தை நடத்தியவர். பொதுமக்கள் வந்து பார்க்கும் தொட்டிகளும் அங்கே இருந்தன. 1902-ல் பேராசிரியர் ஹெர்ட்மேன் இலங்கை முத்துப்பார்களை ஆராய வந்தபோது ஹார்னெலைத் துணைக்கு அழைத்துவந்தார். சிப்பிக்குள் முத்து எப்படி உருவாகிறது, பார்கள் ஏன் சில ஆண்டுகள் நிரம்பியும் பல ஆண்டுகள் வெறிச்சோடியும் கிடக்கின்றன என்பது கேள்வி. விடை தேட வேண்டுமானால் சிப்பியை அறுத்துப் பார்த்தால் போதாது, நாட்கணக்கில் தண்ணீரில் வைத்துப் பார்க்க வேண்டும். இலங்கையின் காலி நகரில் அமைத்த ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்தார்கள். ஐந்து தொகுதிகளாக 1903 முதல் 1906 வரை வெளிவந்த அறிக்கையில் முத்து பிறப்பதற்கு ஒட்டுண்ணிப் புழுவே காரணம் என்று சொன்ன பகுதி பின்னால் நிற்கவில்லை. ஆனால் மன்னார் வளைகுடாவின் சிப்பியை அதன் உயிர் போகாமல் கவனிப்பது என்ற பழக்கம் அங்கிருந்து தொடங்கிவிட்டது.

அடுத்த சில ஆண்டுகளில் சென்னை மெரினாவில் ஒரு கட்டடம் எழுந்தது. அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் திட்டமிட்ட கடல்மீன் காட்சியகம் அது. 1909-ல் திறந்தார்கள். இந்தியாவில் முதலாவது. இதே தர்ஸ்டன்தான் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பைப் பற்றி 1890-ல் எழுதியவர். மீனைக் கூடையில் மட்டுமே பார்த்துப் பழகிய சென்னைவாசி அது நீந்துவதைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. பிறகு திறக்கவே இல்லை. சென்னை இழந்தவற்றில் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும்.

*

இந்த முயற்சிகளுக்கெல்லாம் அடியில் இருந்த அறிவு வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. அதில் ஒரு தந்தையும் மகனும் வருகிறார்கள்.

லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலர் 1850-ல் ஒரு பரிசோதனையை அறிவித்தார். ஒரு தொட்டியில் இரண்டு தங்கமீன்கள், வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி, அழுகிய இலைகளைத் தின்னக் குளத்து நத்தைகள். தண்ணீரை மாற்றாமலே மீன்கள் உயிரோடிருந்தன. செடி தரும் ஆக்ஸிஜன் மீனுக்கு, மீன் தரும் கழிவு செடிக்கு என்று அவர் கணக்குச் சொன்னார். 1853-ல் லண்டன் உயிரியல் பூங்காவில் மீன்காட்சிசாலை திறந்தது. (அதற்கும் இருபது ஆண்டுகள் முன்பே சிசிலியின் மெசினா நகரில் ஜான் வில்ப்ரூ பவர் என்ற பெண்மணி கண்ணாடித் தொட்டி செய்து, ஓடு கட்டும் கணவாய் இனம் ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு உரிய பெயர் வெகுகாலம் கிடைக்கவில்லை.)

வாரிங்டனின் கணக்கு அழகானது, ஆனால் குறையுள்ளது. செடிக்கும் மீனுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கூட்டம் வேலை செய்வது அப்போது யாருக்கும் தெரியாது. அதைக் காட்டியது பாரிசில் நடந்த ஒரு சாக்கடைப் பரிசோதனை. 1877-ல் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய நீண்ட குழாய் ஒன்றில் சாக்கடை நீரை மெல்ல மெல்ல ஒழுகவிட்டார்கள். ஒரு நாள், ஐந்து நாள், பத்து நாள்... மேலே விட்ட அம்மோனியா அப்படியே கீழே வந்துகொண்டிருந்தது. சுமார் இருபது நாள் கழித்துத் திடீரென்று அம்மோனியா குறைந்து நைட்ரேட் வரத் தொடங்கியது. வெறும் வேதிவினை என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும். இருபது நாள் பிடித்தது என்றால் உள்ளே ஏதோ முளைத்துப் பெருகுகிறது என்று பொருள். சந்தேகம் தீர, குழாய்க்குள் குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். மாற்றம் நின்றுபோனது. ஆவியை நீக்கி, வளமண் ஊறிய தண்ணீரைச் சிறிது ஊற்றினார்கள். சில நாட்களில் மறுபடி நைட்ரேட் வந்தது.

இன்று மீன் வளர்ப்பவர்கள் சைக்கிளிங் என்று சொல்வது முழுக்க அந்தக் குழாய்க்குள் நடந்துவிட்டது: காத்திருப்பு, நஞ்சு பட்டதும் நின்றுபோவது, பழைய தொட்டியின் மண்ணைப் போட்டதும் மறுபடி உயிர்பெறுவது எல்லாமே. மூத்த வாரிங்டனின் மகனும் ராபர்ட் வாரிங்டன்தான். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில் இருந்த அவர், இந்த மாற்றம் இரண்டு படியாக நடக்கிறது, ஒவ்வொரு படிக்கும் வேறு வேறு நுண்ணுயிர் என்பதைக் கண்டார். அம்மோனியா முதலில் நைட்ரைட் ஆகிறது, பிறகு நைட்ரேட். 1890-ல் ரஷ்யரான வினோகிராட்ஸ்கி அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்து வளர்த்தார். தந்தை தொட்டியில் விட்ட இடைவெளியை மகன் மண்ணிலிருந்து நிரப்பினார் என்பது அறிவியல் வரலாற்றில் அடிக்கடி கிடைக்கும் நிறைவு அல்ல.

*

தூத்துக்குடிக்குத் திரும்பினால், அடுத்த பெரிய அத்தியாயம் நன்னீரைப் பற்றியது. மூன்று பக்கமும் உப்பளம், கிணற்றைத் தோண்டினால் உவர்நீர். துறைமுகம் வளர, பஞ்சாலை வர, ஊர் பெருக, குடிதண்ணீர் தீராத துயரமாக இருந்தது. பலமுறை நகராட்சித் தலைவராக இருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து, தாமிரபரணித் தண்ணீரை வல்லநாட்டிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் குழாயில் கொண்டுவரும் திட்டத்துக்காக உழைத்தார். 1920-களில் அது கைகூடியது. தூத்துக்குடியின் தந்தை என்று அவரை இன்றும் ஊர் சொல்வதற்குக் காரணம் அந்தக் குழாய்தான்.

குழாய்த் தண்ணீர் பொதுவானதும் கிருமிநீக்கமும் சேர்ந்து வந்தது. குளோரினைத் தண்ணீருக்குப் பயன்படுத்தலாம் என்று 1903-லேயே எழுதியவர்களில் ஒருவர் இந்திய மருத்துவப் பணியில் இருந்த நெஸ்ஃபீல்டு. 1908-ல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி தன் குடிநீர் முழுவதையும் தொடர்ந்து குளோரினேற்றத் தொடங்கியது. காலராவிலிருந்தும் டைபாய்டிலிருந்தும் உலக நகரங்கள் மீண்டதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. இந்தியத் தர நிர்ணயப்படி குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டிக்கு பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றும் ஊழியர், குளோரோஸ்கோப்பில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விட்டு மஞ்சள் நிறம் ஏறுகிறதா என்று பார்ப்பதைத் தமிழ்நாட்டின் எந்த ஊராட்சியிலும் காணலாம்.

மனிதனைக் காப்பாற்றும் அந்த 0.2 மில்லிகிராம் மீனுக்குப் பேராபத்து. நாம் குடிக்கும் தண்ணீர் வயிற்றுக்குள் போகிறது. மீனுக்கோ தண்ணீர் நேராகச் செவுளில், ரத்தத்துக்கு ஒரு மெல்லிய தோல் மட்டுமே தடுப்பாக உள்ள இடத்தில் படுகிறது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, பில்டர் ஸ்பான்ஞ்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்களையும் குளோரின் கொல்லும். கிருமியைக் கொல்லத்தானே அதைப் போடுகிறோம்? நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று அது பார்ப்பதில்லை.

பழைய வழி, தண்ணீரைப் பிடித்து அகலமான தொட்டியில் ஒரு நாள் திறந்து வைப்பது. வெயிலும் காற்றும் குளோரினைப் போக்கிவிடும். அவசரக்காரர்களுக்கு இன்னொரு வழி ஸ்டுடியோக்களிலிருந்து வந்தது. ஜான் ஹெர்ஷல் 1819-ல் ஆராய்ந்து, 1839-ல் புகைப்படத்தை நிலைநிறுத்தப் பரிந்துரைத்த உப்பு அது. கருப்பு வெள்ளைப் படம் கழுவிய ஒவ்வோர் இருட்டறையிலும் ‘ஹைப்போ’ என்ற பெயரில் கண்ணாடிக் கற்கள்போல டப்பாவில் இருந்தது. வேதியியல் பெயர் சோடியம் தயோசல்பேட். குளோரினைத் தொட்டவுடன் தீங்கில்லாத குளோரைடாக மாற்றிவிடும். மீன் வளர்ப்பவர்கள் புகைப்படப் பொருள் விற்கும் கடைகளில் இதை வாங்கினார்கள். இருட்டறைகள் மூடிவிட்டன, ஹைப்போ மட்டும் வண்ணமீன் கடைக்குக் குடிபெயர்ந்து ஆன்டி குளோரின் ஆகிவிட்டது.

கணக்கு எளிது. ஒரு பங்கு குளோரினுக்கு ஏழு பங்கு ஹைப்போ போட்டால் நிச்சயம் போதும். 40 லிட்டர் தொட்டிக்கு ஊற்றும் தண்ணீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் குளோரின் என்றால் மொத்தம் 20 மில்லிகிராம். அதற்கு 140 மில்லிகிராம் ஹைப்போ, அதாவது சில சின்னக் கற்கள். ஒரு கிராமை வைத்துக்கொண்டு 280 லிட்டரைச் சரிசெய்யலாம்.

*

இதற்கிடையே கடற்கரையில் வேறொரு வேலை முதிர்ந்துகொண்டிருந்தது. 1930-களில் பாம்பன் அருகே குருசடைத் தீவில் சென்னை மாகாண மீன்துறை முத்துச் சிப்பி வளர்ப்பை முயன்றது. 1947-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை வரிசையாக நடந்து, அதோடு நின்றது. பார்கள் மறுபடி நிரம்பவில்லை. கடல் தராததை வளர்த்து எடுக்க முடியுமா என்ற கேள்வி இனி ஆராய்ச்சிக்கு மட்டுமல்ல, கரையின் பிழைப்புக்கும் உரியதாயிற்று.

1972-ல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் வேலை தொடங்கியது. 1973 ஜூலை 25-ல் கே. அழகர்சாமி தலைமையில் நடந்த ஆய்வில், கரு வைத்து வளர்த்த சிப்பியிலிருந்து இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்து கிடைத்தது. செய்தித்தாள்கள் முத்தைப் பற்றி எழுதின. ஆனால் இந்தக் கட்டுரைக்கு அதைவிட முக்கியமான ஆண்டு 1981. தூத்துக்குடி ஆய்வுக்கூடத்தில் சிப்பியை முட்டையிடச் செய்து, குஞ்சுகளை ஓடு கட்டி ஒட்டிக்கொள்ளும் பருவம்வரை வளர்த்து முடித்தது அந்த ஆண்டில்தான்.

அந்த வேலையைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். கருவுற்ற முட்டை ஒரே நாளில் நீந்தும் குஞ்சாகிறது. அப்போது அதன் அளவு ஒரு மில்லிமீட்டரில் சுமார் பதினைந்தில் ஒரு பங்குதான். வெறும் கண்ணுக்குத் தண்ணீரில் தூசி மிதப்பதாகத் தோன்றும். லென்சை வைத்தால் ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில் இரண்டு ஓடுகள். இவற்றுக்குத் தீனி ஐசோகிரைசிஸ் என்ற பொன்பழுப்பு நுண்பாசி. அதைத் தனிக் குடுவைகளில் வளர்த்து அளந்து ஊற்ற வேண்டும். கடல்நீரை மணல்வடிகட்டியில் விட்டுத் தெளியவைத்து எடுக்க வேண்டும். குஞ்சுகளை நுண்ணிய சல்லடையில் ஏந்திப் புதுத் தண்ணீருக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் இது ஓயாது. தீனி ஒரு வேளை கூடினால் மிஞ்சிய பாசி அழுகும், அழுகினால் அம்மோனியா, அம்மோனியா வந்தால் மறுநாள் காலையில் தொட்டியின் அடியில் வெள்ளைப்பொடி போலக் குஞ்சுகள் படிந்து கிடக்கும். சிப்பியை அழுக விட்டுப் பிழைத்த ஒரு கரை, ஒரு சொட்டு அழுகலைக்கூட அனுமதிக்காத வேலையை இங்கே கற்றுக்கொண்டது. 1980-களின் பிற்பாதியில் இப்படி வளர்த்த குஞ்சுச் சிப்பிகளைப் பார்களிலேயே கொண்டுபோய் விட்டார்கள்.

1990-களில் இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள் தமிழ்நாட்டுக் கடற்கரை நெடுகிலும் முளைத்தபோது குளோரினும் ஹைப்போவும் டன் கணக்கில் கைகோத்தன. பெரிய சேமிப்புத் தொட்டியில் கடல்நீரை ஏற்றி, பிளீச்சிங் கலந்து எல்லாக் கிருமியையும் கொன்று, காற்று செலுத்தி, பிறகு ஹைப்போ போட்டு மீதியைப் போக்குவார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் உடனே குஞ்சுகளுக்குப் போகாது. ஒரு குவளையில் எடுத்துச் சோதனைச் சொட்டு விட்டு, மஞ்சள் துளியும் ஏறவில்லை என்று பார்த்த பிறகே வால்வைத் திறப்பார்கள். வீட்டுத் தொட்டிக்காரர் இந்தத் தொழிலிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த ஒழுங்கைத்தான்: ஹைப்போவை வெளியே, பக்கெட்டில் போட்டுக் கலக்கி, பிறகு தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றுவது. குழாய்த் தண்ணீரை நேரே தொட்டியில் பிடித்துவிட்டு மேலே நாலு சொட்டு விடுபவர்களுக்கு, குளோரின் ஸ்பான்ஞ்சை எட்டிய பிறகே மருந்து எட்டுகிறது. வேறு வழியில்லாமல் தொட்டிக்குள்ளேயே ஊற்ற வேண்டி வந்தால், மருந்தை முதலில் விட வேண்டும், அளவையும் புதுத் தண்ணீருக்கு மட்டும் பார்க்காமல் முழுத் தொட்டிக்கும் பார்க்க வேண்டும்.

*

குழப்பம் தொடங்குவது இங்கேதான். குளோரின் போவதற்கு நொடிகள் போதும். தொட்டி உயிரைத் தாங்குவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். முதல் வேலையைச் செய்யும் குப்பி இரண்டாவதையும் செய்துவிடும் என்று நம்பி, தொட்டி வாங்கிய அன்றே மொல்லியும் கப்பியும் தங்கமீனுமாக ஒரு டஜனை வாங்கிவந்து விடுகிறார்கள். ஷ்லோசிங்கின் குழாயில் இருபது நாள் ஒன்றும் நடக்காததை நினைத்துப் பார்க்க வேண்டும். நம் ஊர் வெப்பம் இதற்குச் சாதகம். 28 டிகிரி தண்ணீரில் அந்த நுண்ணுயிர்கள் குளிர்நாட்டைவிட வேகமாகப் பெருகும். ஆனாலும் வாரக்கணக்கு நாள்கணக்காகச் சுருங்காது.

அம்மோனியாவைக் கட்டிப்போடும் விலையுயர்ந்த கண்டிஷனர்கள் சில உண்டு. மீன் தவிக்கும்போது ஒரு நாள் அவகாசம் தரும், நல்ல உதவிதான். ஆனால் கட்டிய அம்மோனியா தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. சோதனைக் கருவியும் ஏமாற்றும்: நெஸ்லர் முறையில் அமைந்த கிட் இந்த மருந்து கலந்த தண்ணீரில் தவறான அளவைக் காட்டும், சாலிசிலேட் முறை கட்டப்பட்டதையும் சேர்த்துக் காட்டும். எண்ணைப் பார்த்துப் பதறி மறுபடி மறுபடி மருந்து ஊற்றுவதுதான் பெரிய ஆபத்து. இவ்வகை மருந்துகள் அளவு மீறினால் தண்ணீரின் ஆக்ஸிஜனையும் குறைக்கும். நுண்ணுயிர்களுக்கும் மீனுக்கும் அப்போது மிகத் தேவைப்படுவது ஆக்ஸிஜன்தான். மருந்து விடும் நேரத்தில் ஏர் ஸ்டோன் நன்றாக ஓடட்டும்.

அம்மோனியாவைப் பொறுத்தவரை கடல்நீர்த் தொட்டி வைப்பவருக்குக் கூடுதல் கவனம் வேண்டும். அம்மோனியாவின் நஞ்சுப் பகுதி தண்ணீரின் காரத்தன்மையோடு ஏறும். பி.எச். 7 உள்ள நன்னீரில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சாக இருக்காது. 8.2 உள்ள கடல்நீரில் அதே வெப்பத்தில் பத்து மடங்குக்கு மேல். நைட்ரைட் விஷயத்தில் கடல் கருணை காட்டுகிறது. நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் புகுந்து ரத்தத்தைப் பழுப்பாக்கி மூச்சுத் திணறவைக்கும். அது புகும் வாசல் குளோரைடு புகும் வாசலேதான். கடலில் குளோரைடு நிரம்பியிருப்பதால் நைட்ரைட்டுக்கு இடம் கிடைப்பதில்லை. நன்னீர்த் தொட்டியில் கல் உப்பு போடும் நம் ஊர்ப் பழக்கத்துக்கு இதுவே காரணம். தூத்துக்குடி உப்பளத்து உப்பு ஒரு கிராமை 40 லிட்டரில் கரைத்தால் லிட்டருக்குச் சுமார் 15 மில்லிகிராம் குளோரைடு சேரும். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் வரையிலான நைட்ரைட்டைத் தாக்குப்பிடிக்க அது போதும். கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப்போடத் தேவையே இல்லை.

இன்னொன்று, கேன் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரின், போர் தண்ணீரில் உவர்ப்பு என்று, காசு கொடுத்து வாங்கிய ஆர்.ஓ. தண்ணீரைத் தொட்டியில் நிரப்புபவர்கள் தூத்துக்குடியில் நிறைய. அதில் குளோரின் இல்லை, உண்மை. ஆனால் கார்பனேட்டும் இல்லை. அம்மோனியாவில் உள்ள ஒவ்வொரு மில்லிகிராம் நைட்ரஜனையும் மாற்ற, நுண்ணுயிர்கள் சுமார் ஏழு மில்லிகிராம் காரத்தன்மையைச் செலவழிக்கின்றன. அது தீர்ந்ததும் பி.எச். சரியும், வேலை நின்றுவிடும். ஆறு வாரம் ஆகியும் சைக்கிள் முடியவில்லை என்று புலம்பும் தொட்டிகளில் இது ஒரு காரணம். குளோரின் நீக்கிய குழாய்த் தண்ணீரைப் பாதி கலந்தாலே போதும். சிப்பி ஓட்டைக் கழுவிக் காயவைத்து உடைத்து பில்டரில் போடுவதும் பலன் தரும். ஓட்டின் சுண்ணாம்பு மெல்லக் கரைந்து கொடுக்கும், நுண்ணுயிர்களுக்கு ஒட்டிக்கொள்ள இடமும் ஆகும். இதற்காக யாரும் பவளத்தைத் தேடிப் போகக்கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. பவளமும் கடற்குதிரையும் கடலட்டையும் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. தூத்துக்குடியை ஒட்டிய தீவுகளில் விலாங்குசல்லி ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டது. பவளம் தோண்டியதற்கு அதில் பங்கு உண்டு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை உடைத்துப் பாய்ந்தது, குடிநீர்த் திட்டங்கள் சேதமாயின, தூத்துக்குடியின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் மோட்டார் நின்ற பில்டருக்குள் ஆக்ஸிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும், நுண்ணுயிர்கள் சாகத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அப்படியே சுவிட்சைப் போட்டால் உள்ளே அழுகியது அனைத்தும் தொட்டிக்குள் கொட்டும். ஸ்பான்ஞ்சை வெளியே எடுத்து, தொட்டித் தண்ணீரிலேயே ஒரு பாத்திரத்தில் அலசிவிட்டுத்தான் ஓடவிட வேண்டும். வெள்ளத்துக்குப் பின் நோய் பரவாமலிருக்கக் குழாயிலும் லாரியிலும் வரும் தண்ணீரில் குளோரின் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும். குப்பியின் மேல் அச்சடித்த சொட்டுக் கணக்கு அந்தத் தண்ணீருக்குப் பற்றாது. ஒரு குவளையில் பிடித்துச் சோதனைச் சொட்டு விட்டு, மஞ்சள் ஏறுவது நிற்கும்வரை ஹைப்போவைக் கூட்டிப் பார்த்து, அந்த அளவைப் பக்கெட்டுக்குப் பெருக்கிக்கொள்ள வேண்டும். தொட்டியைப் புதுத் தொட்டி என்றே கருதி, தீனியைக் கால்வாசியாகக் குறைத்து, அம்மோனியாவைத் தினமும் அளந்து, ஏறும் நாளில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, மறுபடி நான்கு வாரம் காத்திருக்க வேண்டியதுதான்.